அவர்கள் செய்தால் அகராதி, நாம் செய்தால் கேலியா?

“ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்.” “ஐ டிட் நாட் வென்ட் டு காலேஜ் எஸ்டர்டே.” “ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட் ஈஸ் ஒர்க்கிங் இன் ஹார்பர்.”

தமிழ்வழியில் படித்து வந்தவர்களில் இந்த மூன்றில் ஒன்றையாவது சொல்லாதவர்கள் குறைவு. சொன்னதும் வகுப்பறையின் முன்வரிசையிலிருந்தோ நேர்முகத் தேர்வு மேசையின் மறுபக்கத்திலிருந்தோ எழும் அந்தச் சின்னச் சிரிப்பைக் கேட்காதவர்கள் அதைவிடக் குறைவு. அந்தச் சிரிப்புக்குப் பிறகு நம் பிள்ளைகளில் பலர் வாயைத் திறப்பதே இல்லை. வாயைத் திறக்காதவருக்குப் பிழையும் வராது, மொழியும் வராது.

ஆங்கில இலக்கணம் பற்றித் தமிழில் நூற்றுக்கணக்கான கையேடுகள் உண்டு. எது சரி, எது தவறு என்று அவை இரண்டு கட்டம் போட்டுக் காட்டும். அந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று சொல்லாது. ஒருவர் செய்தால் அகராதியில் ஏறும் பிழை, இன்னொருவர் செய்தால் ஏன் அவமானமாகிறது என்றும் சொல்லாது. இந்த இரண்டையும் சேர்த்துப் பேசாமல் நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதைப் பேசத் தூத்துக்குடிக் கடற்கரையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. வேற்று மொழிக்காரர்கள் தமிழைத் தப்பும் தவறுமாகக் கற்ற வரலாறு அங்கே ஐந்நூறு ஆண்டுகளாகக் கிடக்கிறது.

‘நம்புகிறேன்’ என்பதற்கு ‘வேணும்’

1542இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. அவருடைய தாய்மொழி பாஸ்க். தமிழும் போர்ச்சுகீசியமும் ஓரளவு தெரிந்த உள்ளூர்க்காரர்களைக் கூட்டி உட்காரவைத்து, செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். அந்தத் தமிழில் பெரிய கோளாறு ஒன்று இருந்தது. விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று இருந்தது. நம்பிக்கையை அறிக்கையிடுவதாக நினைத்துக்கொண்டு மக்கள் ஆசையை அறிக்கையிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதைத் திருத்தியவர் சில ஆண்டுகள் கழித்து வந்த என்றீக்கே என்றீக்கஸ். தமிழில் அண்டிரிக் அடிகளார் என்று அறியப்படுபவர். இவருடைய கதை நம் வாசகர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. அவர் போர்ச்சுகலில் யூத வழியினரின் குடும்பத்தில் பிறந்தவர். அன்றைய ஐபீரிய நாடுகளில் ‘இரத்தத் தூய்மை’ என்றொரு விதி இருந்தது. மதம் மாறித் தலைமுறைகள் கடந்தாலும் யூத இரத்தம் உள்ளவர் தீட்டானவரே. அந்தக் காரணத்தால் பிரான்சிஸ்கன் சபை அவரை வைத்துக்கொள்ளவில்லை. பிறகு இயேசு சபையில் சேர்ந்து 1546இல் இந்தியாவுக்கு வந்தார். பிறப்பைக் காட்டி வாசலில் நிறுத்தப்பட்ட ஒருவர்தான், முத்துக்குளிக்கும் பரவர் மக்களின் வாய்மொழியைக் காதால் கேட்டுக் கற்று, 1540களின் முடிவில் ஓர் ஐரோப்பியர் எழுதிய முதல் தமிழ் இலக்கணத்தை எழுதினார். லத்தீன் இலக்கணத்தின் சட்டகத்தில் தமிழைப் பொருத்திப் பார்த்த நூல் அது. சட்டகம் பல இடங்களில் பொருந்தவில்லை. ஆனால் அதிலிருந்த தமிழ் பண்டிதர்களின் செய்யுள் தமிழ் இல்லை. கடலில் மூச்சடக்கி முங்கியவர்கள் கரையில் பேசிய தமிழ். 1578இல் கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சானது.

அதற்கு முன்பே, 1554இல், லிஸ்பன் நகரில் ஒரு தமிழ் நூல் ரோமன் எழுத்தில் அச்சாகியிருந்தது. அதை உருவாக்கியவர்கள் தமிழர்கள் மூவர். வின்சென்ட் டி நாசரேத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமா டா குரூஸ் என்ற ஞானஸ்நானப் பெயர்களில்தான் அவர்களை நாம் அறிகிறோம். ஆக, ஐரோப்பியர் நம் மொழியைக் கற்ற காலத்திலேயே நம்மவர்களும் அவர்கள் மொழியைக் கற்றிருக்கிறார்கள்.

இங்கே ஒரு கேள்வி. ‘நம்புகிறேன்’ என்பதற்கு ‘வேணும்’ என்று சொல்லிக்கொடுத்தவரை யாராவது முட்டாள் என்றார்களா? இல்லை. அது ஒரு மாணவரின் பிழையாக, திருத்திக்கொள்ளத் தக்க பிழையாக மட்டுமே வரலாற்றில் நிற்கிறது. காரணம் எளிது. பேசியவரின் பின்னால் ஒரு பேரரசின் கப்பல் நின்றது. பிழை பெரிதா சிறிதா என்பதை இலக்கணம் மட்டும் முடிவு செய்வதில்லை. பேசுகிறவர் எங்கே நின்று பேசுகிறார் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

யாருடைய பிழை அகராதியில் ஏறியது?

நம் கடற்கரையின் கட்டுமரம் ஆங்கிலத்தில் ‘கட்டமரான்’ ஆனது. உச்சரிப்பு மட்டும் சிதையவில்லை, பொருளும் சிதைந்தது. மரத்துண்டுகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது கட்டுமரம். இன்று ஆங்கிலத்தில் கட்டமரான் என்றால் இரட்டை உடல் கொண்ட, பெரும்பாலும் பணக்காரர்கள் உல்லாசமாகப் போகிற படகு. ஒரு தமிழ்ச் சொல்லைத் தவறாகச் சொல்லி, தவறான பொருளுக்கு வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பெயர் பிழை அல்ல, ‘வேர்ச்சொல் தமிழ்’ என்ற குறிப்போடு அகராதியில் ஓர் இடம்.

தூத்துக்குடியையே அவர்கள் ‘டுட்டிகோரின்’ ஆக்கினார்கள். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அறிவித்தது. தூத்துக்குடியும் அந்தப் பட்டியலில் இருந்தது. புதிய எழுத்துக்கூட்டல்களைப் பார்த்து ஊரே சிரித்தது. சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. அந்தக் கூட்டல்களில் குறை இருந்தது உண்மைதான். ஆனால் ‘டுட்டிகோரின்’ என்பதைக் கேட்டு யாருக்கும் சிரிப்பு வரவில்லையே, அது ஏன்?

எல்லாவற்றையும்விட மோசமான சொல் ஒன்று உண்டு. ‘பரையா’. பறை என்ற இசைக்கருவியிலிருந்து வந்த ஒரு சாதிப் பெயரை ஆங்கிலம் எடுத்துக்கொண்டு, ஒதுக்கப்பட்டவர், யாரும் சேர்த்துக்கொள்ளாதவர் என்ற பொருளில் உலகெங்கும் புழங்கவிட்டது. இன்றும் ஒரு நாட்டை மற்ற நாடுகள் ஒதுக்கினால் ‘பரையா ஸ்டேட்’ என்று உயர்தர ஆங்கிலப் பத்திரிகைகள் கூச்சமில்லாமல் எழுதுகின்றன. தெருநாய்க்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். ‘பொதுவான ஆங்கிலப் பிழைகள்’ என்று பட்டியலிடும் எந்தக் கையேட்டிலும் இந்தச் சொல் இருக்காது. ‘டிஸ்கஸ் அபவுட்’ தவறு என்று சொல்லித்தரும் ஆசிரியர், ‘பரையா’ என்பது பயன்படுத்தக் கூடாத சொல் என்று சொல்லித்தந்தால் அல்லவா அது முழுமையான பாடம்!

நம் பிழைகள் எங்கிருந்து வருகின்றன?

இனி நம்முடைய பிழைகளுக்கு வருவோம். இவை அறிவுக் குறைவால் வருபவை அல்ல. பெரும்பாலானவை தமிழ் இலக்கணம் நமக்குள் ஒழுங்காக வேலை செய்வதால் வருபவை. அதை அறிந்துகொண்டால் திருத்துவதும் எளிது. தமிழை மறந்தால்தான் ஆங்கிலம் வரும் என்ற பேச்சு பொய். தமிழை நன்றாகக் கவனித்தால் ஆங்கிலம் சீக்கிரம் வரும்.

முதலில் ‘ஐ ஆம் ஹேவிங்’. தமிழில் ‘அவன் துறைமுகத்தில் வேலை செய்கிறான்’ என்றால் வழக்கமாகச் செய்வதையும் குறிக்கும், இந்த நொடி செய்துகொண்டிருப்பதையும் குறிக்கும். ஆங்கிலம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. வழக்கம் என்றால் ‘ஹி ஒர்க்ஸ்’. இப்போது நடக்கிறது என்றால் ‘ஹி ஈஸ் ஒர்க்கிங்’. நாம் எல்லா இடத்திலும் ‘இங்’ போட்டுவிடுகிறோம். ஆனால் அறிதல், விரும்புதல், உடைமை போன்ற நிலைகளைச் சொல்லும் வினைகள் ஆங்கிலத்தில் பொதுவாக ‘இங்’ ஏற்காது. எது நிலை, எது செயல் என்று கண்டுபிடிக்கத் தமிழே உதவும். ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்கு வேணும்’, ‘எனக்குப் பிடிக்கும்’, ‘எனக்குப் புரியும்’ என்கிறோம். ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று யாரும் சொல்வதில்லை. தமிழில் ‘எனக்கு’ என்று தொடங்கி ‘உம்’ என்று முடியும் இந்த வினைகளுக்கு ஆங்கிலத்தில் ‘இங்’ வேண்டாம். ஐ நோ, ஐ வான்ட், ஐ லைக், ஐ அண்டர்ஸ்டாண்ட். ‘எனக்கு ரெண்டு தம்பி இருக்காங்க’ என்பதும் இதே குடும்பம்தான். ஐ ஹேவ் டூ பிரதர்ஸ். சவேரியாரின் தமிழ் தடுக்கி விழுந்ததும் இந்த ‘எனக்கு வேணும்’ குடும்பத்துச் சொல்லில்தான். அதே வாசல்படியில்தான் நாம் எதிர்ப்பக்கமிருந்து தடுக்குகிறோம்.

இரண்டாவது ‘டிட் நாட் வென்ட்’. ‘நான் போகவில்லை’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். போக, இல்லை. ‘போனேன்’ என்பதில் உள்ள இறந்தகாலம் ‘போக’ என்பதில் இல்லை. ‘போனவில்லை’ என்று நாம் ஒருபோதும் சொல்வதில்லை. ‘டிட் நாட் வென்ட்’ என்பது ஆங்கிலக் காதுக்கு ‘போனவில்லை’ போலத்தான் கேட்கும். காலத்தை ‘டிட்’ சுமந்துவிட்டது, அதனால் ‘கோ’ வெறுமனே நிற்கிறது. ‘டிட் யூ கோ?’ என்ற கேள்விக்கும் இதே கணக்கு.

மூன்றாவது ‘எ’, ‘ஆன்’, ‘தி’. தமிழில் இவற்றுக்கு நேரான சொற்கள் இல்லை. ஆனால் கதை சொல்லும்போது நாம் செய்வதைக் கவனியுங்கள். ‘ஒரு தோணி வந்துச்சு. அந்தத் தோணியில் உப்பு இருந்துச்சு.’ முதல் முறை ‘ஒரு’, கேட்பவருக்குத் தெரிந்த பிறகு ‘அந்த’. ‘எ’, ‘தி’ இரண்டின் அடிப்படையும் இதுதான். எல்லா இடத்துக்கும் இந்த விதி போதாது, ஆனால் பாதி தூரம் கொண்டுபோய்ச் சேர்க்கும். ‘எ’, ‘ஆன்’ வேறுபாடும் நமக்குப் புதிதல்ல. ‘ஒரு படகு’, ‘ஓர் இரவு’ என்று உயிரொலிக்கு முன்னால் தமிழும் மாறுகிறது. எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்டால் போதும். அதனால்தான் ‘ஆன் அவர்’, ஆனால் ‘எ யுனிவர்சிட்டி’.

நான்காவது ‘ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்’. ‘என் ஃபிரெண்ட் ஒருத்தன்’ என்ற பேச்சுத் தமிழ் நேரடியாக இறங்குவதால் இது வருகிறது. எழுத்துத் தமிழில் ‘என் நண்பர்களில் ஒருவர்’ என்று பன்மைதான் வரும். ஆங்கிலமும் அப்படியே. ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ். ‘பத்து படகு’ என்று தமிழில் ஒருமை நிற்கும், ஆங்கிலத்தில் நிற்காது, டென் போட்ஸ்.

ஐந்தாவது ‘டிஸ்கஸ் அபவுட்’. ‘அதைப் பற்றிப் பேசினோம்’ என்பதிலுள்ள ‘பற்றி’ கூடவே வந்துவிடுகிறது. ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘பற்றி’ அடங்கியிருக்கிறது. ‘டாக் அபவுட்’ சரி, ‘டிஸ்கஸ்’ தனியாக. அதேபோல் ‘அவரோடு கல்யாணம்’ என்பதால் ‘மேரீட் வித்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘மேரீட் டு’.

கடைசியாக உச்சரிப்பு. ‘இஸ்கூல்’ என்று சொன்னால் கிராமத்தான் என்று சிரிக்கிறார்கள். தமிழ்ச் சொல் இரட்டை மெய்யொலியோடு தொடங்காது. மொழிக்கு முதலில் வரும் எழுத்துகள் எவை என்று தொல்காப்பியமே வரையறுக்கிறது. அதனால் நம் நாக்கு முன்னால் ஓர் உயிரொலியைச் சேர்க்கிறது. இதையேதான் போர்ச்சுகீசியரும் செய்தார்கள். லத்தீன் ‘ஸ்கோலா’ அவர்கள் வாயில் ‘எஸ்கோலா’ ஆனது. அதுதான் அவர்கள் மொழியில் பள்ளிக்கூடத்துக்குச் சரியான பெயர். எஸ்கோலா நாகரிகம், இஸ்கூல் நாட்டுப்புறமா?

துறைமுகத்தில் பேசும் ஆங்கிலம்

தூத்துக்குடித் துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வரும் கப்பல்களில் பல நாட்டு மாலுமிகள். ஒருவர் பிலிப்பைன்ஸ், ஒருவர் உக்ரைன், ஒருவர் சீனா. எல்லோரும் பேச வேண்டிய மொழி ஆங்கிலம். யாருடைய ஆங்கிலம்? இதற்காகவே சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் ஒரு வாசகத் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. கப்பல் அதிகாரிகள் அதைக் கற்றே ஆக வேண்டும்.

அந்தக் கடல் ஆங்கிலத்தின் விதிகள் வேடிக்கையானவை. ‘எ’, ‘தி’, ‘ஈஸ்’, ‘ஆர்’ போன்ற சிறு சொற்களைப் பல இடங்களில் விட்டுவிடலாம். ஆம், நம் பிள்ளைகள் விட்டால் சிவப்பு மையில் சுழிக்கப்படும் அதே சொற்கள்தான். சொல்லப்போவது கேள்வியா, எச்சரிக்கையா, கட்டளையா, தகவலா என்பதை முதலில் ஒரு சொல்லில் அறிவித்துவிட வேண்டும். எண்களைத் தனித்தனி இலக்கமாகச் சொல்ல வேண்டும். நூற்றைம்பது என்றால் ‘ஒன் ஃபைவ் ஸீரோ’. ‘மே’, ‘மைட்’, ‘குட்’, ‘ஷுட்’ போன்ற வழவழா சொற்களைத் தவிர்க்க வேண்டும். ‘மே ஐ என்டர்?’ என்பது பணிவான ஆங்கிலம். ஆனால் அனுமதி கேட்கிறாரா, உள்ளே வரக்கூடும் என்கிறாரா என்று குழம்ப இடமுண்டு. ‘கொஸ்டின்: டூ ஐ ஹேவ் பர்மிஷன் டு என்டர்?’ என்று கேட்டால் குழப்பம் இல்லை. குழப்பம் வந்தால் கப்பல் மோதும், ஆள் சாவான்.

உயிர் போகும் இடத்தில் உலகம் எந்த ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தது என்று பாருங்கள். கான்வென்ட் ஆங்கிலத்தை அல்ல. நுனிநாக்கு ஆங்கிலத்தை அல்ல. எதிரில் இருப்பவருக்குப் புரியும் ஆங்கிலத்தை. ஆக, ஆங்கிலத்தில் இரண்டு வகைப் பிழைகள் உண்டு. ஒன்று, பொருளைக் கெடுக்கும் பிழை. இன்னொன்று, நாம் எந்த ஊரிலிருந்து, எந்தத் தெருவிலிருந்து வருகிறோம் என்று காட்டிக்கொடுக்கும் பிழை. முதல் வகையை விரட்டி விரட்டித் திருத்த வேண்டும். இரண்டாவது வகையைக் கேட்டுச் சிரிப்பவர் நம் ஆங்கிலத்தை அளக்கவில்லை. நம் தெருவை அளக்கிறார்.

அப்படியென்றால் இலக்கணம் வேண்டாமா?

வேண்டும், கட்டாயம் வேண்டும். ‘பிழையாகப் பேசினால் என்ன, அதுவும் ஓர் ஆங்கிலம்தான்’ என்று நம் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுத் தம் பிள்ளைகளைச் சர்வதேசப் பள்ளியில் சேர்க்கும் முற்போக்காளர்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்தத் தாராள மனம் நமக்குத் தேவையில்லை.

ஆங்கிலம் இங்கே யார் கையில் இருந்தது என்பதற்குக் கணக்கு உண்டு. 1916 டிசம்பரில் வெளியான பார்ப்பனரல்லாதார் அறிக்கை அதை அடுக்கிக் காட்டியது. மக்கள்தொகையில் ஏறத்தாழ 3 விழுக்காடு இருந்த பார்ப்பனர்கள், சென்னை மாகாணத்தின் 128 மாவட்ட முன்சீப் பதவிகளில் 93இல் அமர்ந்திருந்தார்கள். அந்தப் பதவிகளுக்கான வாசல் ஆங்கிலத் தேர்வு. சமஸ்கிருதத்தை நாம் கற்கக் கூடாது என்று தடுத்தார்கள். ஆங்கிலத்தில் அப்படித் தடுக்கச் சட்டம் இல்லை. அதனால் முந்திக்கொண்டு கற்றார்கள், பிறகு பிந்தி வந்தவர்களின் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள். பெரியார் ஆங்கிலம் படி என்று ஓயாமல் சொன்னதும், அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ உரையை 1936இல் ஆங்கிலத்தில் எழுதி அச்சிட்டதும் அந்த வாசலை உடைக்கத்தான்.

இன்றும் நம் வாழ்வை முடிவு செய்யும் தாள்கள் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. 2020இல் ஒன்றிய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டுவிட்டு நாடு முழுவதும் கருத்துக் கேட்டது. மற்ற மொழிகளிலும் கொடு என்று அந்த ஆண்டு ஜூனில் டெல்லி உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. தொழிற்சாலைப் புகைக்கும் கழிவுக்கும் நடுவே வாழும் தூத்துக்குடி மக்களுக்கு அந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு ‘ஷல்’லும் ஒவ்வொரு ‘மே’யும் உயிர்ப்பிரச்சினை. ‘ஷல்’ என்றால் பொதுவாகச் செய்தே தீர வேண்டும். ‘மே’ என்றால் செய்யலாம், செய்யாமலும் விடலாம்.

இன்னும் நெருக்கமான சான்று வேண்டுமா? அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்ததாகவும் அதைக் கடைப்பிடிப்பது குற்றம் என்றும் அறுதியிட்டுச் சொல்கிறது. 16(4)ஆம் பிரிவின் வாக்கிய அமைப்பு வேறு. அரசு இடஒதுக்கீடு தந்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. தருவதற்கு எதுவும் தடையாக இராது என்கிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டுதான் 2020 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், பதவி உயர்வில் இடஒதுக்கீடு கேட்பது அடிப்படை உரிமை அல்ல, மாநில அரசைக் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. ஒரு வாக்கியத்தின் இலக்கணம் லட்சக்கணக்கானவர்களின் வேலையைத் தீர்மானிக்கிறது. இலக்கணம் வேண்டாம் என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

செயப்பாட்டு வினையையும் படியுங்கள். பள்ளியில் அதை வாக்கியம் மாற்றும் விளையாட்டாகச் சொல்லித்தருவார்கள். 2018 மே 22இல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகத் திரண்ட மக்கள் மீது போலீஸ் சுட்டது. 13 பேர் கொல்லப்பட்டார்கள். ‘போலீஸ் கில்டு தர்ட்டீன் பீப்பிள்’ என்பது செய்வினை. ‘தர்ட்டீன் பீப்பிள் வேர் கில்டு’ என்பது செயப்பாட்டு வினை. இரண்டுமே இலக்கணப்படி சரி. ஆனால் இரண்டாவதில் சுட்டவர் காணாமல் போகிறார். ‘தலித் பெண் தாக்கப்பட்டார்’, ‘குடிசைகள் எரிந்தன’ என்று நம் செய்தித்தாள்கள் எழுதும் தமிழிலும் இதே மாயம்தான். இந்தப் பத்தியில் நானே மேலே ‘கொல்லப்பட்டார்கள்’ என்று எழுதியிருக்கிறேன். முந்தைய வாக்கியத்தில் சுட்டவரைச் சொல்லிவிட்டதால் அது நிற்கிறது. சொல்லாமல் எழுதினால் அது வெறும் இலக்கணம் ஆகாது, தப்பவிடுதல் ஆகும். எழுவாய் எங்கே என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் தேடப் பழகுங்கள். இதுவே இலக்கணம் தரும் அரசியல் கல்வி.

ஆங்கிலத்திடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள இன்னொன்றும் இருக்கிறது. அங்கே ‘யூ’ ஒன்றுதான். எழுபது வயதுத் தலித் முதியவரைப் பள்ளி செல்லும் ஆதிக்கசாதிச் சிறுவன் ‘நீ, வா, போ’ என்று கூப்பிடும் ஊர்கள் நம்மிடம் இன்னும் உண்டு. ‘யூ’வில் அந்தப் படிக்கட்டு இல்லை. ஆனால் நாம் அதற்குள்ளும் படிக்கட்டைக் கட்டிவிட்டோம். நம் விடுப்புக் கடிதங்களைப் பாருங்கள். ‘ரெஸ்பெக்டட் சார், ஐ ஹம்ப்ளி பெக்’ என்று தொடங்குவார்கள். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. முதுகுதான் வளைந்திருக்கிறது. ‘டியர் சார், ஐ நீட் டூ டேஸ் லீவ்’ என்று காரணத்தோடு எழுதினால் போதும்.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, கற்றுக்கொடுப்பவர்களுக்கு. மாலைநேரப் பாடசாலை நடத்தும் தோழர்கள் நம்மில் நிறையப் பேர். ஆங்கில வகுப்பைத் தமிழிலிருந்து தொடங்குங்கள். ‘போகவில்லை’யைப் பிரித்துக் காட்டிவிட்டு ‘டிட் நாட் கோ’வுக்குப் போங்கள். பிழையைச் சொன்னவுடன் அது எந்தத் தமிழ் வாக்கியத்திலிருந்து வந்தது என்று அந்தப் பிள்ளையையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தன் பிழைக்குக் காரணம் தெரிந்த பிள்ளை கூனிக்குறுகாது.

இரண்டாவது, கற்பவர்களுக்கு. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் திருத்தப் பார்க்காதீர்கள். ஒரு வாரம் ‘இங்’கை மட்டும் கவனியுங்கள். அடுத்த வாரம் ‘டிட்’. பேசும்போது பேசுங்கள், எழுதும்போது திருத்துங்கள். ஊர்ச் சாயல் ஒட்டிய உச்சரிப்பு போக வேண்டிய அவசியமே இல்லை. எதிரில் இருப்பவருக்குப் புரிந்தால் போதும்.

மூன்றாவது, நம் எல்லோருக்கும். நமக்குப் பிடிக்காத அரசியல்வாதி ஆங்கிலத்தில் தடுமாறும் காணொளியை நாமும் சிரித்துக்கொண்டே பகிர்கிறோம். ஆதிக்கசாதித் திமிர் பிடித்த ஆளாகவே இருக்கட்டும். அவருடைய கொள்கையைக் கிழியுங்கள், ஊழலைக் கிழியுங்கள். ஆங்கிலத்தைக் கிழிக்காதீர்கள். அந்த மீம் அவரைத் தொடுவதேயில்லை. அதைப் பார்க்கும் நம் வீட்டு முதல் தலைமுறைப் பட்டதாரிதான், நாளை நேர்முகத் தேர்வில் வாயைத் திறக்கலாமா என்று யோசிக்கிறார்.

அந்தக் காலத்தில் கடலில் முங்கி முத்தெடுத்தவர்கள் தம் மொழியைத் தப்பும் தவறுமாகப் பேசிய அந்நியருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பொறுமையில் ஒரு பங்கை நம் பிள்ளைகளின் ஆங்கிலத்துக்குக் கொடுப்போம். தப்பாகவாவது பேசட்டும், பிறகு சரியாகப் பேசட்டும். எப்படியும் பேசட்டும்.